இலிசரோவ் முறை

இலிசரோவ் முறை என்பது, முறிந்த அல்லது வெட்டப்பட்ட எலும்பின் இரு பகுதிகளையும் உடலுக்கு வெளியே பொருத்தப்படும் வளையச் சட்டகம் ஒன்றினால் பிடித்து நிறுத்தி, அவற்றை மிக மெதுவாக விலக்குவதன் மூலம் இடைவெளியில் புதிய எலும்பை வளரச் செய்யும் எலும்பு அறுவை மருத்துவ முறையாகும். சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த மருத்துவர் காவ்ரீல் ஆபிரமோவிச் இலிசரோவ் (1921–1992) இதனை உருவாக்கினார். அவர் வடிவமைத்த சட்டகம் இலிசரோவ் கருவி எனப்படுகின்றது. சேராத எலும்பு முறிவுகள், சீழ் பிடித்த எலும்புகள், விபத்தில் எலும்பின் ஒரு பகுதியே இல்லாமற் போன நிலைகள், ஒரு கால் மற்றொன்றைவிடக் குட்டையாக இருத்தல், கோணலான எலும்புகள் முதலியவற்றுக்கு இம்முறை பயன்படுகின்றது. வேறு வழியின்றிக் காலை நீக்கிவிட நேர்ந்திருக்கும் பலருக்கு இம்முறையால் கால் காப்பாற்றப்பட்டுள்ளது.

கருவியைப் பார்ப்பவருக்கு வளையங்களும் கம்பிகளும் நட்டுகளும்தாம் கண்ணில் படும். ஆயினும் இம்முறையின் உயிர்நாடி கருவி அன்று. உயிருள்ள திசுவை அளவறிந்து மெதுவாகவும் தொடர்ந்தும் இழுத்தால் அது கிழியாமல் வளரும் என்னும் கண்டறிவே இதன் அடிப்படை. கருவியின் ஒவ்வொரு பகுதியும் அந்த இழுவையைச் சரியாகக் கொடுப்பதற்காகவே அமைந்துள்ளது.

முறையின் தேவை

எலும்பு தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் திறன் உடையது. தோல் வெட்டுப்பட்டால் தழும்பு எஞ்சும். எலும்பு முறிந்தால், எல்லாம் நன்றாக நடந்தால், முறிந்த இடத்தில் எலும்பே மீண்டும் உருவாகும். இதற்கு மூன்று தேவைகள் உள்ளன. முறிந்த முனைகள் அருகருகே இருக்க வேண்டும், அவை அளவுக்கு மீறி அசையக் கூடாது, அவற்றுக்குக் குருதி வந்துகொண்டிருக்க வேண்டும். மாவுக்கட்டு, தகடு, எலும்பின் உட்குழிவில் செலுத்தப்படும் ஆணி ஆகியவை முதல் இரண்டு தேவைகளை நிறைவு செய்கின்றன. மூன்றாவதை உடல்தான் தர வேண்டும்.

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள பெரிய எலும்பில் இந்த மூன்றாவது தேவை எளிதில் கெட்டுப்போகின்றது. இவ்வெலும்பின் முன்-உட்பக்கம் முழுவதும் தோலுக்கு நேர்கீழே உள்ளது. இடையில் தசை கிடையாது. மேசைக் காலில் இடித்துக்கொண்டவர் எவருக்கும் இது தெரிந்ததே. இரு சக்கர வண்டி விபத்துகளில் இவ்விடத்துத் தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிவதும், மண்ணும் தூசியும் உள்ளே போவதும், எலும்புத் துண்டுகள் சாலையிலேயே சிதறிப்போவதும் உண்டு. எஞ்சிய முனைகளைப் போர்த்தியுள்ள உறை உரிந்து போவதால் குருதியோட்டம் குறைகின்றது. நோய்த்தொற்றும் சேர்ந்துகொண்டால் எலும்பு சேராமல் ஆண்டுக்கணக்கில் சீழ் வடிவதும் நேரும். முறிந்த இடம் மூட்டைப்போல் அசைந்துகொண்டே இருந்துவிடுவதும் உண்டு. இதனைப் பொய்மூட்டு என்பர்.

இத்தகைய காலில் இறந்த எலும்பை முழுவதும் வெட்டி நீக்கினால்தான் சீழ் நிற்கும். அப்படி நீக்கினால் ஐந்தாறு சென்டிமீட்டர் இடைவெளி விழும். இடுப்பெலும்பிலிருந்து எடுத்து நிரப்பலாம் என்றால், அங்கிருந்து கிடைக்கும் எலும்பு சிறிதளவே; தொற்று இருந்த இடத்தில் அதுவும் கரைந்து போகக்கூடும். இலிசரோவ் முறை விடையளிப்பது இந்த இக்கட்டுக்கே.

முன்னோடிகள்

எலும்பை வெளியிலிருந்து பிடிக்கும் கருவிகள் இலிசரோவுக்கு முன்பே இருந்தன. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பின் லம்போத் 1902 இல் அத்தகைய சட்டகம் ஒன்றைப் பயன்படுத்தினார். காலை நீட்டும் முயற்சியும் புதிதன்று. இத்தாலியின் பொலோஞா நகரத்து அறுவை மருத்துவர் அலெசாந்திரோ கொடிவில்லா தொடையெலும்பை வெட்டி, குதிகாலில் செருகிய ஆணி வழியாக இழுத்து நீட்டியதைப் பற்றி 1905 இல் எழுதினார். ஆனால் அக்காலத்து முயற்சிகளில் இழுவை வலிந்ததாகவும் விரைவானதாகவும் இருந்தது. நரம்புகளும் குருதிக்குழாய்களும் அதனைத் தாங்கவில்லை.

இலிசரோவும் கூர்கனும்

இலிசரோவ் 1921 சூன் 15 அன்று போலந்தின் பியாலோவியேசாவில் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். குடும்பம் பின்னர் அசர்பைஜானின் கூசார் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. இளமையிலேயே தந்தையை இழந்த அவர் காலம் தாழ்த்தியே பள்ளியிற் சேர்ந்தார். கிரிமிய மருத்துவக் கல்லூரியில் பயின்றபொழுது போர் மூண்டதால் கல்லூரியே கசக்ஸ்தானுக்கு இடம் பெயர்ந்தது. அங்கு 1944 இல் பட்டம் பெற்று, கூர்கன் மாகாணத்தின் தோல்கோவ்கா என்னும் சிற்றூருக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். கூர்கன் மாகாணம் உரல் மலைகளுக்குக் கிழக்கே, கசக்ஸ்தான் எல்லையை அடுத்து அமைந்துள்ளது. போரிலிருந்து திரும்பியவர்களிடையே சேராத எலும்புகளோடும் ஆறாத புண்களோடும் பலர் இருந்தனர். மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடத்துவதற்கு மேல் அன்று செய்ய முடிந்தது குறைவு.

1950 இல் இலிசரோவ் கூர்கன் நகர மருத்துவமனைக்கு வந்தார். அதற்கடுத்த ஆண்டுகளில் தம் கருவியை வடிவமைத்து, 1952 இல் கண்டுபிடிப்புச் சான்றுக்கு விண்ணப்பித்தார்; சான்று 1954 இல் கிடைத்தது. தொடக்கத்தில் அவரது நோக்கம் எலும்பை நீட்டுவது அன்று. முறிந்த முனைகளை ஒன்றோடொன்று அழுத்திச் சேரவைப்பதே. நோயாளி ஒருவர் நட்டைத் தவறாக எதிர்ப்பக்கம் திருகிவிட்டதால் முனைகள் விலகின என்றும், விலகிய இடைவெளியில் புதிய எலும்பு உருவாகியிருந்ததை ஊடுகதிர்ப் படத்தில் கண்டு இலிசரோவ் வியந்தார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகின்றது. இக்கதை சொல்பவருக்கு ஏற்ப மாறுபடுகின்றது. எப்படி இருப்பினும், தற்செயலாகக் கண்ணிற்பட்டதை ஆண்டுக்கணக்கில் நாய்களில் ஆய்ந்து, இழுக்க வேண்டிய அளவையும் வேகத்தையும் எண்களாக வரையறுத்ததே அவரது சாதனை எனலாம்.

தலைநகரங்களிலிருந்த மருத்துவ வட்டாரங்கள் இவரை நீண்ட காலம் பொருட்படுத்தவில்லை. இந்நிலையை மாற்றியவர் வலேரி புரூமெல் என்னும் உயரம் தாண்டும் வீரர். 1963 இல் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்து, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற இவரது வலது கால் 1965 இல் மாஸ்கோவில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் நொறுங்கியது. பல அறுவை மருத்துவங்களுக்குப் பின்னும் எலும்பு சேரவில்லை. 1968 இல் அவர் கூர்கனுக்குச் சென்றார். இலிசரோவின் மருத்துவத்துக்குப் பின் மீண்டும் களமிறங்கி இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார். பழைய உயரத்தை அவர் எட்டவில்லை. எனினும் நாடறிந்த ஒருவரின் கால் மீண்டது எல்லோர் கண்ணிலும் பட்டது. அதே 1968 இல் இலிசரோவுக்கு முனைவர் பட்டம் வழங்கப்பட்டது. 1971 இல் கூர்கனில் தனி ஆய்வு நிறுவனம் அமைந்தது.

மேற்கு ஐரோப்பாவுக்கு இம்முறை சென்றதும் ஒரு நோயாளியின் வழியாகவே. இத்தாலிய மலையேறுநர் கார்லோ மௌரி 1961 இல் பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்டவர். தோர் எயர்டாலின் 'ரா' படகுப் பயணங்களில் உடன்சென்ற அவருக்கு, அதே படகில் மருத்துவராக இருந்த ரஷ்யர் யூரி சென்கேவிச் கூர்கனைப் பற்றிக் கூறினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சரியாகாத அக்கால் 1980 இல் கூர்கனில் சரிசெய்யப்பட்டது. மௌரியின் காலைக் கண்ட இத்தாலிய மருத்துவர்கள் 1981 இல் இலிசரோவை பெல்லாஜியோ நகர மாநாட்டுக்கு அழைத்தனர். அம்மாநாடு, எலும்பைத் தகடும் திருகாணியும் கொண்டு சற்றும் அசையாமல் இறுக்க வேண்டும் என்ற கொள்கையுடன் 1958 இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய குழுவின் இத்தாலியக் கிளை நடத்தியது என்பது குறிப்பிடத்தக்கது. அங்கிருந்து இம்முறை பிற நாடுகளுக்கும் பரவியது.

கருவியின் அமைப்பு

கருவியில் காலைச் சுற்றி அமையும் உலோக வளையங்கள், எலும்பை ஊடுருவிச் செல்லும் மெல்லிய கம்பிகள், வளையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திருகுத் தண்டுகள் ஆகிய மூன்றும் முதன்மையானவை. கீழ்க்காலுக்குப் பொதுவாக நான்கு வளையங்கள் வேண்டும். எலும்பின் மேற்பகுதிக்கு இரண்டு, கீழ்ப்பகுதிக்கு இரண்டு. வீக்கத்துக்கு இடம்விட, வளையத்துக்கும் தோலுக்கும் இடையே இரு விரல் அளவு இடைவெளி வைக்கப்படும்.

கம்பிகள் 1.5 அல்லது 1.8 மி.மீ. தடிப்பு உடையவை. ஒரு பக்கத் தோலில் நுழைந்து, எலும்பைக் குறுக்கே துளைத்து, மறுபக்கம் வெளிவந்து, இரு முனைகளிலும் வளையத்தோடு பிணைக்கப்படுகின்றன. ஒரே வளையத்தில் இரு கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். அவை செங்கோணத்தை நெருங்க நெருங்கப் பிடிப்பு உறுதியாகும். ஆனால் நரம்பும் குருதிக்குழாயும் செல்லும் வழிகளைத் தவிர்க்க வேண்டியிருப்பதால் எல்லா இடத்திலும் அவ்வாறு அமைக்க இயலாது.

இவ்வளவு மெல்லிய கம்பிகள் மனித எடையை எவ்வாறு தாங்குகின்றன என்ற வினா இயல்பாக எழும். மிதிவண்டிச் சக்கரத்தை நோக்கினால் விடை கிடைக்கும். அதன் ஆரக் கம்பிகள் தனித்தனியே எளிதில் வளையக் கூடியவை. இறுக்கிக் கட்டிய பின் அவையே ஆளைச் சுமக்கின்றன. இலிசரோவ் கருவியிலும் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 90 முதல் 130 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையில் இழுத்துக் கட்டப்படுகின்றது. 1.8 மி.மீ. கம்பியை 130 கிலோகிராம் அளவுக்கு இழுத்தால், அதன் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் ஏறக்குறைய 500 நியூட்டன் விசை நிற்கும்.

இறுக்கிய கம்பிக்கு மற்றொரு பண்பும் உண்டு. துணி காயப்போடும் கொடியை நடுவில் மெல்ல அழுத்தினால் எளிதில் தாழும்; மேலும் தாழ்த்த முயன்றால் எதிர்ப்பு விரைந்து கூடும். அதுபோலவே நோயாளி காலூன்றும்போது எலும்பு நீளவாக்கில் சிறிதளவு அசைகின்றது. சுமை கூடக்கூடக் கம்பிகள் விறைப்பாகி, அசைவு எல்லை மீறாமல் தடுக்கின்றன. பக்கவாட்டு அசைவும் முறுக்கும் எலும்புக்குக் கேடு. நீளவாக்கிலான இச்சிறு அசைவோ எலும்பு உருவாவதைத் தூண்டுகின்றது. எனவே இக்கருவி அணிந்தவரைப் படுக்கையில் கிடத்தாமல், ஊன்றுகோல் துணையுடன் நடக்கச் சொல்வர். நடப்பது இங்கு மருத்துவத்தின் ஒரு பகுதி.

எலும்பு வளரும் விதம்

எலும்பை நீட்ட வேண்டுமாயின் முதலில் அதனை வெட்ட வேண்டும். சிறிய வெட்டுத் துளை வழியாக உளியால் எலும்பின் கடினமான புறவோடு மட்டும் வெட்டப்படுகின்றது. வெளியுறையையும் உள்ளிருக்கும் மஜ்ஜையையும் இயன்றவரை காக்க வேண்டும் என்பதில் இலிசரோவ் உறுதியாக இருந்தார். விரைந்து சுழலும் இரம்பத்தின் வெப்பம் எலும்புச் செல்களைக் கொல்லும் என்பதால் அது தவிர்க்கப்படுகின்றது.

வெட்டிய உடனே இழுப்பதில்லை. ஐந்து முதல் பத்து நாட்கள் வரை காத்திருப்பர். வெட்டிய இடத்தில் குருதி உறைந்து, முறிவு ஆறுவதற்கான செல்கள் வந்து சேரும் காலம் இது. அதன்பின் நாளொன்றுக்கு 1 மி.மீ. வீதம் விலக்கத் தொடங்குவர். இந்த 1 மி.மீ. ஒரே தடவையில் அன்றி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 0.25 மி.மீ. என நான்கு தவணைகளில் தரப்படுகின்றது. திருகுத் தண்டின் அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடைப்பட்ட தூரம் 1 மி.மீ. ஆதலால், நட்டைக் காற்சுற்றுத் திருகினால் 0.25 மி.மீ. விலகும். இக்கணக்கு நோயாளிக்கும் வீட்டாருக்கும் எளிதில் விளங்குவது, திருகுவதும் அவர்களே.

இந்த அளவு இலிசரோவின் ஆய்வுகளிலிருந்து வந்தது. நாளுக்கு 0.5 மி.மீ. மட்டும் இழுத்தபொழுது, நீட்சி முடியுமுன்பே எலும்பு இறுகிச் சேர்ந்துவிடும் நிலை காணப்பட்டது. 2 மி.மீ. இழுத்தபொழுது எலும்பு சரிவர உருவாகவில்லை. சுற்றியுள்ள திசுக்களும் கேடுற்றன. ஒரே அளவைக் கூடுதல் தவணைகளாகப் பிரிக்கப் பிரிக்க விளைவு சிறந்தது; இயந்திரத்தைக் கொண்டு நாளுக்கு 60 தவணைகளாக இழுத்தது மிக நன்றாக இருந்தது. நான்கு தவணை என்பது கையால் செய்வதற்கு ஏற்ற நடுவழி.

இடைவெளியின் நடுவில் மென்மையான நார்த்திசுப் பட்டை ஒன்று அமைகின்றது. அதன் இரு பக்கங்களிலிருந்தும், இழுக்கும் திசைக்கு இணையாக நுண்ணிய எலும்புத் தூண்கள் வளர்கின்றன. அவற்றினூடே புதிய குருதிக்குழாய்களும் வளர்கின்றன. இழுவை நீடிக்கும் வரை நடுப்பட்டை இருக்கும். நிறுத்தியபின் அதுவும் எலும்பாகும். தசை, நரம்பு, தோல், குருதிக்குழாய் ஆகியவையும் உடன் நீள்கின்றன. ஆயினும் எலும்பைப்போல் அவை எளிதில் இசைவதில்லை. ஒரு காலை எவ்வளவு நீட்டலாம் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது எலும்பு அன்று, தசையும் நரம்புமே.

எலும்புத் துண்டை நகர்த்துதல்

மேலே கூறிய ஆறு சென்டிமீட்டர் இடைவெளிக்குத் திரும்புவோம். இறந்த எலும்பை நீக்கியபின் காலின் நீளம் மாறாமல் வளையங்கள் நிறுத்தப்படுகின்றன. பிறகு இடைவெளியிலிருந்து தள்ளி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, நல்ல எலும்பு உள்ள இடத்தில் வெட்டு இடப்படுகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே உயிருள்ள எலும்புத் துண்டு ஒன்று தனித்து நிற்கும். அத்துண்டைப் பிடித்துள்ள வளையத்தை நாளுக்கு 1 மி.மீ. வீதம் கீழ்நோக்கி நகர்த்தினால், அதன் முன்னே இடைவெளி குறைந்துகொண்டு வரும். பின்னே புதிய எலும்பு உருவாகிக்கொண்டு வரும். அறுபது நாட்களில் துண்டு மறுமுனையைத் தொடும். தொட்ட இடம் தானாகச் சேராவிட்டால் அங்கு மட்டும் சிறிது எலும்பு வைத்துத் தைக்க நேரும்.

புதிய எலும்பு கெட்டியாவதற்கு, இழுப்பதற்கு ஆன காலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காலம் தேவை. காத்திருந்த ஒரு வாரம், நகர்த்திய அறுபது நாட்கள், இறுகும் நூற்றிருபது நாட்கள் எனக் கூட்டினால் ஆறு மாதங்களுக்கு மேலாகும். புகைப்பவர்களுக்கு எலும்பு உருவாவது தாமதப்படுவதால் காலம் இன்னும் நீளும்.

காப்பதா, நீக்குவதா

ஓராண்டு வரை நீளக்கூடிய மருத்துவத்தை எல்லாக் காலுக்கும் பரிந்துரைக்க முடியாது. நரம்பும் தசையும் முற்றாக அழிந்த காலை எலும்பு சேர்த்துக் காப்பாற்றினாலும் அது பயன்படாமற் போகலாம். அத்தகையவருக்கு, காலை நீக்கிச் செயற்கைக் கால் பொருத்துவதே விரைந்து வேலைக்குத் திரும்ப வழியாகும். இம்முடிவைக் கண்மதிப்பில் எடுக்காமல் இருக்க மதிப்பெண் முறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டில் உருவானது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் மருத்துவர் எஸ். இராசசேகரனும் உடன்பணியாற்றியோரும் 2006 இல் வெளியிட்ட இம்முறை, குருதியோட்டம் அறுபடாத கடுமையான திறந்த கீழ்க்கால் முறிவுகளுக்கானது. தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகிய மூன்றின் சேதத்துக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரையும், முதுமை, நீரிழிவு போன்ற உடல்நிலைக் காரணங்களுக்குத் தலா 2 உம் இடப்படுகின்றன. மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைந்தால் காலைக் காக்கலாம். 17 அல்லது அதற்கு மேற்பட்டால் நீக்குவதே பெரும்பாலும் முடிவாகும். 15, 16 ஆகியவை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டிய இடைநிலை.

சிக்கல்கள்

கம்பி நுழையும் துளைகளில் ஏற்படும் தொற்று மிகப் பரவலானது. பெரும்பாலும் தூய்மை செய்தலாலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாலும் அடங்கும்; சில வேளைகளில் கம்பியை மாற்ற வேண்டிவரும். கணுக்கால் கீழ்நோக்கி விறைத்துப்போதல், முழங்கால் மடங்காமை, நரம்பு இழுபட்டு மரத்துப்போதல், எலும்பு முன்கூட்டியே சேர்தல் அல்லது சேராமல் தாமதித்தல், கருவியைக் கழற்றியபின் புதிய எலும்பு மீண்டும் முறிதல் ஆகியவையும் நேரும். மருத்துவர் துரோர் பேலி 1990 இல் இவற்றை மூவகையாகப் பிரித்தார். அறுவையின்றித் தீர்வன ஒரு வகை. அறுவையால் தீர்வன மற்றொரு வகை. மருத்துவம் முடிந்த பின்னும் எஞ்சி நிற்பன மூன்றாம் வகை. உடற்பயிற்சி மருத்துவம் தவறினால் எலும்பு சேர்ந்தும் மூட்டு பயனற்றுப் போகும்.

நூல்கள் குறைவாகவே பேசும் துன்பங்களும் உள்ளன. வளையங்களோடு புரண்டு படுக்க முடியாது. வழக்கமான கால்சட்டை நுழையாது. நெரிசலான பேருந்தில் ஏற முடியாது. தரையில் அமர்ந்தெழும் வழக்கமுள்ள வீடுகளில் கழிப்பறைக்குச் செல்வதே பெரும்பாடு. இழுக்கும் வாரங்களில் வலி இரவில் கூடி உறக்கத்தைக் கெடுக்கும். நாளுறு கூலியில் வாழ்பவருக்கு ஆறு மாத ஊதிய இழப்பு கருவியின் விலையைவிடப் பெரியது. அறுவைக்கு முன்பே இவற்றை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் எடுத்துரைப்பது கட்டாயம். பாதி வழியில் கருவியைக் கழற்றச் சொன்னால் பட்ட துன்பமெல்லாம் வீணாகும்.

பிற பயன்பாடுகள்

இளம்பிள்ளை வாதத்தால் குட்டையான அல்லது கோணிய கால்கள், நாட்பட்ட வளைபாதம், பிறவியிலேயே அமைந்த பொய்மூட்டு ஆகியவற்றுக்கும் இம்முறை பயன்படுகின்றது. இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் ஒழிக்கப்பட்டதாக 2014 இல் சான்று அளிக்கப்பட்டது. ஆயினும் முன்னரே பாதிக்கப்பட்ட பெரியவர்கள் இன்றும் மருத்துவம் நாடுகின்றனர்.

நோய் ஏதுமின்றி உயரத்தைக் கூட்டிக்கொள்வதற்காக மட்டும் கால்களை நீட்டுவோரும் உள்ளனர். மேற்சொன்ன சிக்கல்கள் அனைத்தும் இவர்களுக்கும் பொருந்தும். காலை இழக்கும் நிலையில் உள்ளவர் ஏற்கும் இடரை நலமான கால் உடையவர் ஏற்பது வேறுபட்ட கணக்கு. சீனா 2006 இல் அழகுக்காகக் கால் நீட்டுவதைத் தடை செய்தது.

பின்வந்த கருவிகள்

1990களில் அமெரிக்காவில் டெய்லர் சட்டகம் உருவானது. இதில் இரு வளையங்கள் ஆறு சாய்ந்த தண்டுகளால் இணைகின்றன. விமானப் பயிற்சிப் பொறிகளில் காணப்படும் ஆறு கால் மேடையின் தத்துவமே இது. தண்டுகளின் நீளத்தை மட்டும் மாற்றி, கோணல், முறுக்கு, நீளக் குறைவு ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே திருத்தலாம். எந்த நாளில் எந்தத் தண்டை எவ்வளவு திருக வேண்டும் என்பதைக் கணினி பட்டியலிட்டுத் தருகின்றது. எலும்பின் உள்ளே பொருத்தப்பட்டு, வெளியே வைக்கும் காந்தத்தால் நீளும் ஆணிக்கு 2011 இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இதில் தோலைத் துளைக்கும் கம்பிகள் இல்லை. எனவே துளைத் தொற்றும் இல்லை. ஆனால் விலை மிகுதி. சீழ் பிடித்த எலும்பிலும், வளரும் குழந்தைகளின் எலும்பிலும் எளிதில் பயன்படுத்த இயலாது. அவ்விடங்களில் வளையச் சட்டகமே தொடர்கின்றது. காந்த ஆணியிலும் நீட்சியின் வேகம் நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தான்.

இலிசரோவ் 1992 சூலை 24 அன்று கூர்கனில் காலமானார். அவர் நிறுவிய ஆய்வு நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி அந்நகரிலேயே இயங்குகின்றது.